பழைய எஞ்சின் ஏன் செத்தது? வீட்டு கராஜில் ஒரு சுபாரு எஸ்டிஐ

வீட்டு கராஜிலேயே எஞ்சினை இறக்கி வேறு எஞ்சின் வைக்கிற பழக்கம் அமெரிக்காவில் பழையது. அப்படி அடிக்கடி திறக்கப்படும் வேகக் கார்களில் ஒன்று, ஜப்பான் நிறுவனமான சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. காரணம் இரண்டு. அந்தக் காரிலிருந்து எஞ்சினை வெளியே எடுப்பது, அதே திறனுள்ள மற்ற பல கார்களோடு ஒப்பிட்டால், சுலபம். அடுத்தது, ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்த எஞ்சின் கொஞ்சம் சீக்கிரமே சாகும் ரகம்.

எஞ்சினை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதற்கு சர்வீஸ் மேனுவல் இருக்கிறது. பொறுமையும் நல்ல ஸ்பேனர் செட்டும் உள்ள யாரும் அதைப் பார்த்துச் செய்துவிடலாம். பலர் செய்கிறார்கள். அப்புறம் அதில் சிலருடைய புது எஞ்சின், ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பழைய எஞ்சின் மாதிரியே போய்விடுகிறது. வேலையில் குறை இருக்காது. பழைய எஞ்சினைக் கொன்ற விஷயம் எஞ்சினுக்கு வெளியே, காரிலேயே, அப்படியே இருந்திருக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். 1995-இல் காலின் மெக்ரே, 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-இல் பெட்டர் சோல்பெர்க் என மூன்று பேர் எஸ்டிஐயின் மூலக் காரான சுபாரு இம்ப்ரெஸாவில் உலக ராலி பட்டம் வென்றார்கள். அந்தப் புகழின் மேல் ஏறித்தான் எஸ்டிஐ 2004 மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2,457 சிசி, டர்போ, 300 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, ஆறு கியர். எஞ்சினின் பெயர் இஜே257. ஜப்பானில் எஸ்டிஐக்குக் கடைசி வரை முக்கியமாக 2 லிட்டர் எஞ்சின். அமெரிக்காவுக்கு இந்த இரண்டரை லிட்டர். சாதாரண டபிள்யூஆர்எக்ஸ் 2015 மாடலில் புதிய எஃப்ஏ20 எஞ்சினுக்கு மாறிவிட்டது. எஸ்டிஐ மட்டும் 2021 மாடலோடு நிற்கும் வரை இஜே257-ஐ விடவில்லை. அதனால் பாகம், அனுபவம், கருவி எல்லாமே பரவலாகக் கிடைக்கின்றன.

இஜே குடும்பம் 1989-இல் லெகசி காரோடு தொடங்கியது. சுபாரு இந்தியாவில் கடை திறக்கவில்லையே என்று நினைக்கலாம். 2000-களின் நடுவில் நம்மூரில் செவ்ரோலே ஃபாரஸ்டர் என்று ஒரு வண்டி விற்றார்களே, அது பெயர்ப்பலகை மாற்றிய சுபாருதான். அதன் பானட்டுக்குள்ளும் இதே குடும்பத்தின் 2 லிட்டர் எஞ்சின் படுத்திருந்தது.

படுத்திருந்தது என்று சொன்னது காரணத்தோடுதான். பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்பதில்லை. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று தட்டையாகக் கிடக்கின்றன. எஞ்சின் நீளவாக்கில், முன் அச்சுக்கும் முன்னால் இருக்கிறது. கியர் பாக்ஸ் அதற்குப் பின்னால். ரேடியேட்டரை எடுத்துவிட்டால் முன்பக்கம் நிறைய இடம் கிடைக்கும். கியர் பாக்ஸைக் காரிலேயே விட்டுவிட்டு, எஞ்சினை மட்டும் முன்னால் இழுத்து மேலே தூக்கிவிடலாம். போர்ஷே 911-இல் இதே வேலைக்கு எஞ்சினைக் கீழ்வழியாக இறக்க வேண்டும். அதற்குக் காரையே நல்ல உயரத்துக்குத் தூக்க வேண்டும். சாதாரண வீட்டு கராஜில் அது தலைவலி.

இரண்டு விதமான சாவு

இஜே257 சாகிற வழிகள் பல உண்டு. அதிகம் பேசப்படுபவை இரண்டு.

ஒன்று பிஸ்டன் உடைவது. பிஸ்டனின் பக்கவாட்டில் ரிங்குகள் உட்கார மூன்று பள்ளங்கள் இருக்கும். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே, வயலில் வரப்பு மாதிரி, ஒரு மெல்லிய சுவர் நிற்கும். ரிங் லேண்ட் என்பார்கள். இந்த எஞ்சினின் பிஸ்டன் சிலிக்கான் அதிகம் கலந்த வார்ப்பு அலுமினியம். சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானமும் குறைவு. ஆனால் அடி தாங்காது. பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாகவே வெடிக்கும்போது, அதாவது நாக்கிங் ஆகும்போது, அந்த அடி நேராக வரப்பில் விழும். ஒரு துண்டு பெயர்ந்துவிடும். பெரும்பாலும் 4-ஆவது சிலிண்டரில்; அமெரிக்கக் காரில் டிரைவர் பக்கம், பின்னால் இருப்பது அது.

வண்டி உடனே நிற்காது என்பதுதான் இதில் வேடிக்கை. ஐடிலில் லேசாகத் தடுமாறும். ஆயில் குறையும். சிலிண்டர் அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிந்து, ஆயில் ஆவி காற்றுக் குழாய்க்குள் போய், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஆயில் தேங்கும். கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டும். காற்றை உள்ளே செலுத்திக் கசிவைப் பார்க்கிற லீக் டவுன் சோதனை செய்தால், ஆயில் ஊற்றும் மூடி வழியாக 'புஸ்' என்று காற்று வருவது காதிலேயே கேட்கும். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே இந்த இரண்டு சோதனைகளையும் செய்து எழுதி வைத்துக்கொள்வது அவசியம். பிரித்துப் போட்ட பிறகு எஞ்சின் வாய் திறக்காது.

இன்னொன்று, பிஸ்டனை கிராங்கோடு, அதாவது எஞ்சினின் சுழலும் தண்டோடு, இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போவது. ராடுக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் படலம் இல்லாமல் போனால், பேரிங் உலோகம் உலோகத்தோடு உரசி, சுரண்டி, கடைசியில் 'டொக் டொக்' என்று தட்டத் தொடங்கும். எஞ்சினின் அடித் தொட்டியான சம்ப்பில் நிற்கிற ஆயில் நாலரை லிட்டருக்கும் குறைவு. இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும் பழக்கமும் உள்ளது. டிப்ஸ்டிக்கைத் தொடாமல் ஓட்டியவர், வளைவுகளில் வேகமாகத் திருப்பினால், மிச்சமிருக்கிற ஆயிலும் ஓரமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். அந்தக் குழாயே பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டிருப்பதும் இந்த எஞ்சினில் தெரிந்த கதை. ஆயில் முழு அளவு இருந்தாலும் விரிசல் வழியாகக் காற்று கலந்துவிடும்.

எந்தச் சாவு என்பது ஏன் முக்கியம்? உடைந்த பிஸ்டன் என்றால் தேட வேண்டியது பெட்ரோல், காற்று, இக்னிஷன் பக்கம். போன பேரிங் என்றால் தேட வேண்டியது ஆயில் போகும் பாதை. இரண்டுக்கும் வாங்க வேண்டிய பாகங்களே வேறு.

முதல் வகைக்கு நான் பார்க்கிற முதல் சந்தேக நபர் காற்று வடிகட்டி. சத்தத்துக்காகப் பலர் அகலமான அலுமினியக் குழாயில் கூம்பு ஃபில்டர் மாட்டுவார்கள். அந்தக் குழாயில்தான் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் சென்சார் இருக்கிறது. அது குழாயின் ஓர் இடத்தில் காற்று ஓடுகிற வேகத்தைத்தான் உணர்கிறது. மொத்தக் காற்று எவ்வளவு என்பது கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு. குழாய் அகலமானால் அதே அளவு காற்று மெதுவாகப் போகும். காற்று குறைவு என்று கம்ப்யூட்டர் நம்பி, பெட்ரோலைக் குறைக்கும். மெதுவாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் இந்தத் தப்பைத் திருத்திவிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தம் வேலை செய்யாது. டர்போ முழு அழுத்தத்தில் ஊதும்போது கலவை மெலிந்து, சூடேறி, நாக்கிங். வரப்பு உடைகிறது. எஞ்சினை மாற்றி, அதே குழாயை ஆசையாகத் துடைத்து மறுபடி மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பெட்ரோல். கலிஃபோர்னியாவில் பம்பில் கிடைக்கும் நல்ல பெட்ரோல் 91 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு). கிழக்கு மாநிலங்களில் பல இடங்களில் 93. 93-க்கு ஏற்ற மாதிரி கம்ப்யூட்டரில் ட்யூன் ஏற்றிய காரை வாங்கி, 91 ஊற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு சின்ன விளக்கம்: அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் எண் இரண்டு வகை அளவீடுகளின் சராசரி. இந்தியாவில் எழுதுவது அதில் ஒன்றை மட்டும். அதனால் அவர்களுடைய 91, நம்முடைய 91 இல்லை. நம்முடைய 95-க்குப் பக்கத்தில் வரும்.

எதை வாங்குவது

பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டலாமே என்று நம்மூர்க்காரருக்கு முதலில் தோன்றும். நம்மூரில் லேத்தும் போரிங் கடையும் தெருவுக்குத் தெரு. இந்த எஞ்சினின் பிளாக் நடுவில் இரண்டாகப் பிரிகிறது; கிராங்க் இரண்டு பாதிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் பின்களைப் பிளாக்கில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் போட்டு எடுக்க வேண்டும். பேரிங் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. வீட்டில் செய்ய முடியாதா என்றால் முடியும். அளக்கும் கருவியும் அதைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும். முதல்முறை செய்கிறவர் அந்தப் பகுதியைத் தொழிற்சாலைக்கே விட்டுவிடுவது நல்லது.

அதற்காகத்தான் ஷார்ட் பிளாக். பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் எல்லாம் கோர்த்து, சீல் வைத்த மாதிரி ஒரே பெட்டியில் புதிதாக வரும். சிலிண்டர்களை மூடும் ஹெட், டைமிங் பாகங்கள், சம்ப், டர்போ ஆகியவற்றைப் பழையதிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஷார்ட் பிளாக்கின் விலையை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்கியவர்கள் பாதி வழியில் நிற்பார்கள். கேஸ்கெட், ஹெட் மட்டம் சீவும் கூலி, ஆயில் பம்ப், டைமிங் பெல்ட் செட், கிளட்ச், ஆயில் கூலர், ஹோஸ்கள் என்று பட்டியல் நீளும்.

ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய எஞ்சின் இன்னொரு வழி. ஜப்பானில் கார் பழசாகப் பழசாக அரசு சோதனைக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு கூடுவதால், நன்றாக ஓடும் வண்டிகளையே கழித்துவிடுவார்கள். அங்கிருந்து வரும் இஜே207, 2 லிட்டர்தான் என்றாலும் 8,000 சுற்று வரை ஆனந்தமாகப் போகும்; பிஸ்டன்களும் முரட்டுத்தனம் தாங்கும். எனக்கு அந்த எஞ்சின் மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. ஆனால் வயரிங், கம்ப்யூட்டர், வால்வ் டைமிங் அமைப்பு எல்லாவற்றையும் ஒத்துப்போக வைப்பது தனி வேலை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது: மாற்றி வைக்கிற எஞ்சின் அந்தக் கார் ஆண்டு மாடல் அல்லது அதற்குப் பிந்தியதாக, அமெரிக்கப் புகை விதிக்குச் சான்று பெற்றதாக, அதன் எல்லாப் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களோடும் இருக்க வேண்டும். ஜப்பான் எஞ்சினுக்கு அந்தச் சான்று கிடையாது. கார் ஓடும், சோதனையில் தேறாது. வாங்கும் முன் அந்தந்த மாநிலத்து விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே எடுப்பது

இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். ஃப்யூயல் பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை எஞ்சினை ஓட விட்டால் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்காது. பிறகு பேட்டரி. பானட்டைக் கழற்றத் தேவையில்லை. அதன் தாங்கு கம்பியை இன்னொரு இடத்தில் மாட்டினால் செங்குத்தாக நிற்கும், சுபாரு அதற்கென்றே இடம் விட்டிருக்கிறது. கூலன்ட், ஆயில் வடித்து, ரேடியேட்டர், மேலே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலர் ஆகியவற்றை எடுக்க வேண்டும். ஏசி கம்ப்ரசரையும் பவர் ஸ்டியரிங் பம்பையும் குழாய்களோடு அப்படியே கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தால் போதும். ஏசி குழாயைத் திறக்கவே கூடாது. அந்த வாயுவைக் காற்றில் விடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம், மறுபடி நிரப்புவதும் செலவு.

பனி விழும் மாநிலங்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய கார் என்றால் டர்போவையும் சைலன்சர் குழாயையும் இணைக்கும் நட்டுகள்தான் மொத்த வேலையிலேயே அதிக நேரம் தின்னும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, சூடு காட்டி, மெதுவாக. மரை போனால் அது ஒரு தனிக் கதை.

புதிதாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எஸ்டிஐயின் கிளட்ச் இழுக்கும் வகை. ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும். சாதாரணக் கார் மாதிரி போல்ட்டுகளைக் கழற்றி எஞ்சினை முன்னால் இழுத்தால் வராது. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கும். அதைத் திறந்து, உள்ளே தெரியும் ஃபோர்க் (பேரிங்கை நகர்த்தும் கவை) தண்டின் மரையில் ஒரு 6 மி.மீ. போல்ட்டை ஏற்றி, தண்டை வெளியே இழுக்க வேண்டும். அப்போதுதான் ஃபோர்க் விடுபட்டு, பேரிங் எஞ்சினோடு வெளியே வரும். இது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பி, கியர் பாக்ஸின் உறையையே விரிசல் விட வைத்தவர்கள் உண்டு.

கீழே இரண்டு மவுண்ட் நட்டு, மேலே எஞ்சினை ஃபயர்வாலோடு கட்டும் சின்னக் கம்பி, கியர் பாக்ஸைச் சுற்றியுள்ள போல்ட்டுகள். கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி. எஞ்சினைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். கை மேலேயே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தூக்க வேண்டும். தொங்குகிற எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ போகக் கூடாது.

ஆயில் போன பாதை

எஞ்சின் ஸ்டாண்டில் ஏறியதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். புது ஷார்ட் பிளாக் பெட்டியில் காத்திருக்கிறது. பழைய ஹெட்டைக் கழற்றி அதில் மாட்டினால் பாதி முடிந்தது. இங்கே நிதானிக்க வேண்டும். பேரிங் போன எஞ்சின் என்றால், அரைந்துபோன உலோகத் தூள் எங்கெங்கே போயிருக்கும் என்று ஆயிலின் பின்னாலேயே நடந்து பார்க்க வேண்டும்.

தூள் முதலில் சம்ப்பில் விழும். உறிஞ்சும் குழாயின் வலை பெரிய துண்டுகளை மட்டும் தடுக்கும். மிச்சம் ஆயில் பம்ப் வழியாகப் போகிறது. பம்பின் உள்சுவரைக் கீறும். அடுத்தது ஃபில்டர். ஃபில்டர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நினைப்பது தப்பு. குளிர்காலத்துக் காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும், ஃபில்டர் அடைத்துக்கொண்டபோதும், உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வ் திறந்து, வடிகட்டாத ஆயிலை எஞ்சினுக்குள் விடும். ஆயிலே போகாமல் இருப்பதை விட அழுக்கு ஆயில் மேல் என்ற கணக்கு அது. பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் எவ்வளவு தூள் சுற்றியது என்று ஓரளவு தெரியும்.

ஃபில்டருக்கு மேலே ஆயில் கூலர். கூலன்ட் ஒரு பக்கம், ஆயில் ஒரு பக்கம் ஓடும் அடுக்குத் தகடுகள். தூள் தங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெட்ரோல் ஊற்றி அலசி, காற்று ஊதி, 'சுத்தமாகிவிட்டது' என்று மறுபடி மாட்டுகிறார்கள். உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லாத ஒன்றை எப்படிச் சுத்தம் என்று சொல்வது? சூடான ஆயில் புது அழுத்தத்தில் ஓடும்போது, ஒளிந்திருந்த தூள் கிளம்பிப் புது பேரிங் வரை வரலாம். என்னைக் கேட்டால், பேரிங் போன எஞ்சினின் ஆயில் கூலர் குப்பைக்குத்தான். கூலருக்கு மிச்சம் பிடித்து, இன்னொரு ஷார்ட் பிளாக் வாங்குவது கொடுமை.

அங்கிருந்து ஹெட்டுக்கு. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குத் தனி பேரிங் கிடையாது. ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுழல்கின்றன. தூள் கீறிய ஹெட்டில் நகத்தை ஓட்டினால் தட்டும். அப்படியென்றால் ஹெட்டும் போச்சு. வால்வ் டைமிங்கை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது; அதன் சோலனாய்டு நுண்ணிய துளைகளால் ஆனது.

கடைசியாக டர்போ. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும், ஆயில் படலத்தின் மேல் மட்டும். அதற்கு ஆயில் போகும் குழாயின் போல்ட்டுக்குள் ஒரு குட்டி வலை இருக்கிறது. டர்போவைக் காப்பாற்ற வைத்த அந்த வலையே அடைத்துக்கொண்டு டர்போவை ஆயிலில்லாமல் சாகடிப்பதும் நடக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போது அதைப் பார்க்க வேண்டும். டர்போ சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் அதிகம் ஆடுகிறதா, இறக்கையின் நுனி வெளி உறையில் உரசிய தடம் இருக்கிறதா? இருந்தால் புதிதாகக் கட்டாமல் மாட்டக் கூடாது. இன்டர்கூலரையும் அலச வேண்டும். உடைந்த பிஸ்டன் விட்ட ஆயில் அங்கே தேங்கியிருக்கும். ஆயில் ஆவி கலந்த காற்று நாக்கிங்கை இன்னும் கூட்டும்.

காற்றுப் பாதையில் இன்னொரு பாகமும் உண்டு: இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் வளைந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய். வயதானால் விறைத்து, கழற்றும்போதே கிழியும். எஞ்சின் காரில் இருக்கும்போது அதை மாற்றுவது நரகம். ஸ்டாண்டில் இருக்கும்போது சில நிமிட வேலை.

மாட்டுவது

ஹெட்டைக் கடையில் கொடுத்து மட்டம் பார்த்து வாங்கி வந்த பிறகு, பல அடுக்கு எஃகு கேஸ்கெட் வைத்து இறுக்க வேண்டும். 12 முனை சாக்கெட் இல்லாமல் அந்த போல்ட்டுகளைத் தொட முடியாது. இறுக்கும் முறை வித்தியாசமானது: கொஞ்சம் இறுக்கி, இன்னும் இறுக்கி, பிறகு எல்லாவற்றையும் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து இறுக்கி, கடைசிச் சுற்றைக் கோணக் கணக்கில் முடிப்பது. மேனுவலில் உள்ள வரிசையையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகலாம்.

டைமிங் பெல்ட்டில் நான்கு கேம் பற்சக்கரங்கள், ஒரு கிராங்க் பற்சக்கரம். கிராங்கில் கண்ணில் முதலில் படுவது ஓர் அம்புக்குறி. அதை வைத்துப் பெல்ட் போட்டால் எஞ்சின் காலி. பின்பக்கத் தகட்டில் உள்ள சின்ன வெட்டுக்கோடுதான் சரியான குறி. அந்தக் கோடு நேராக நிற்கும்போது நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் பாதியில் இருக்கும்; கேம் எப்படித் திரும்பினாலும் வால்வ் பிஸ்டனில் இடிக்காது. அம்புக்குறியை நம்பி வைத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் இந்த பெல்ட்டுக்குச் சொன்ன ஆயுள் 1,05,000 மைல். பழைய பெல்ட்டுக்கு ஆயுள் மிச்சம் இருந்தாலும் அதைப் புது எஞ்சினில் போடுவது அநியாயம். கூடவே உருளைகளையும் டென்ஷனரையும் மாற்றிவிட வேண்டும்.

சம்ப்பை ஒட்ட நம்மூரில் அனபாண்ட் என்று கேட்டு வாங்குகிற மாதிரி ஒரு சிலிக்கான் பசைதான். கசியக் கூடாது என்று தாராளமாகப் பிதுக்குவார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது காய்ந்து, உதிர்ந்து, உறிஞ்சும் குழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய ஒற்றைக் கோடு போதும்.

எஞ்சினைக் காரில் இறக்கி கியர் பாக்ஸோடு சேர்க்கும்போது, இரண்டும் கையாலேயே முழுதாக ஒட்ட வேண்டும். விரல் நுழைகிற இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கி இழுத்தால் ஏதோ ஒன்று வளையும் அல்லது உடையும். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை, அல்லது கோணம் சரியில்லை என்று அர்த்தம். ஜாக்கியை ஏற்றி இறக்கி, கிராங்கை லேசாகத் திருப்பி, மறுபடி. ஃபோர்க் தண்டைப் போட்ட பிறகு, ரிலீஸ் பேரிங் 'க்ளிக்' என்று பிரஷர் பிளேட்டில் பிடித்துக்கொண்டதா என்று ஃபோர்க்கை இழுத்துப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. பிடிக்காவிட்டால் கிளட்ச் பெடல் வெறுமனே போகும், எஞ்சினை மறுபடி இழுக்க வேண்டியிருக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஃபில்டரில் ஆயில் ஊற்றி மாட்டி, கிராங்க் சென்சாரின் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு சாவியைத் திருப்பினால், ஸ்பார்க்கும் பெட்ரோலும் இல்லாமல் எஞ்சின் வெறுமனே சுற்றும். ஆயில் விளக்கு அணையும் வரை, ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்துச் சுற்ற வேண்டும். பிறகு கனெக்டரை மாட்டி ஸ்டார்ட். கையிலிருந்து ஒட்டிய கிரீஸும் பசையும் சைலன்சரில் கருகி, கராஜ் முழுக்கப் புகை வரும்; அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காத நீலப் புகை வேறு விஷயம். கூலன்ட்டில் காற்றுக் குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹீட்டர் பக்கம் தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்டால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

புது எஞ்சினை எப்படிப் பழக்குவது என்பதில் ஆளுக்கொரு மதம். பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது, டர்போவை முழுதாக ஊத விடக் கூடாது, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். அந்த முதல் ஃபில்டரையும் வெட்டிப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு இருந்தால் புது பாகங்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. மினுங்கும் செதில்கள் இருந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

சுபாருவின் கம்ப்யூட்டர் நாக்கிங்கைக் கேட்டுக்கேட்டு ஒரு மதிப்பெண் வைத்திருக்கும். 1 என்றால் எல்லாம் சரி என்று முழு இக்னிஷன் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டியே விடுவது) கொடுக்கிறது. நாக்கிங் கேட்கக் கேட்க அந்த எண்ணை இறக்கி, அட்வான்ஸைக் குறைத்துக்கொள்ளும். ரோம்ரெய்டர் என்ற இலவச மென்பொருளும் ஒரு கேபிளும் லேப்டாப்பும் இருந்தால் இதை ஓடும்போதே பதிவு செய்யலாம். முதல் சில முழு ஆக்ஸிலரேட்டர் ஓட்டங்களை இந்தப் பதிவு இல்லாமல் செய்யக் கூடாது. எண் இறங்கினால் உடனே காலை எடுத்துவிட்டு, காற்றுக் குழாய், இன்ஜெக்டர், பெட்ரோல் அழுத்தம், ட்யூன் என்று வரிசையாகத் தேட வேண்டும். நாக் சென்சாரையும் பார்க்க வேண்டும். அதை மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்காவிட்டால் இல்லாத சத்தத்தைக் கேட்கும், அல்லது இருக்கிற சத்தத்தைக் கேட்காது.

இதெல்லாம் சரியாக அமைந்த பிறகும் இஜே257 ஆயில் குடிக்கும். அதனால் பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு தடவையும் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது இந்தக் காரின் வழக்கம். சுபாரு டிப்ஸ்டிக்கின் இரண்டு பக்கங்களும் சில சமயம் வேறு வேறு மட்டம் காட்டும். குறைவாகக் காட்டுகிற பக்கத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.